கழுவாத தக்காளி

அவன் தக்காளி இலையைத் திருப்பிப் பார்த்தான். அசுவினிப் பூச்சி ஒன்றுகூட இல்லை.

போன வாரம் இதே இலையில் பச்சைப் பொடியைக் கொட்டினாற்போல அப்பிக் கிடந்தன. "கொஞ்சம் பொறுங்க அக்கா, பொறிவண்டு வந்து தின்னுடும்" என்று தோட்டக்காரியிடம் அவன்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

பொறிவண்டும் வந்திருந்தது. செடியின் அடியில் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. வரப்பு ஓரம்வரை அங்கங்கே சிவப்புச் சிவப்பாய்.

அவன் சொல்லிக்கொடுத்தபடி பூண்டும் மிளகாயும் அரைத்துத் தெளித்தால் பொறிவண்டு இப்படிக் கூண்டோடு சாகாது.

வாசலில் பள்ளிப் பேருந்து வந்து நின்றது. "புழு சார், புழு சார்" என்று பிள்ளைகள் ஜன்னல் வழியே கத்தினார்கள். வேறு நாட்டிலிருந்து வந்த அவனுடைய சொந்தப் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. மண்புழு வளர்க்கக் கற்றுக்கொடுத்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பின்னாலேயே அலுவலக வண்டி. அவன் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்தின் இயக்குநர் இறங்கினார். நிதி கொடுப்பவர்கள் இறங்கினார்கள். காமிராக்காரர் இறங்கினார். இந்த ஒரு தோட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான், மருந்தில்லா விவசாயம் இந்த ஊரில் தொடர வேண்டுமா, மூட்டை கட்ட வேண்டுமா என்று முடிவு செய்யப் போகிறார்கள்.

அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டப் பாடத்துக்கு வரும் பிள்ளைகள் தக்காளியைப் பறித்த கையோடு, கழுவாமல் தின்பார்கள். செடியில் விஷம் இல்லை என்பதை அதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் தோட்டத்துக்காரர் முதலில் கடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள்.

வழக்கத்தை ஏற்படுத்தியவன் அவனேதான்.

தோட்டக்காரி நல்ல உடுப்பு உடுத்தி, வரப்பில் நின்றிருந்தாள். அவன் அவளருகே போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஏதாவது அடிச்சீங்களா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. வருகிறவர்களைப் பார்த்தாள்.

"எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க தம்பி."

அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்ள முடியாது. 'இல்லை' என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

பக்கத்து நிலத்துக்காரர் உருளைக்கிழங்குக்கு மருந்து அடித்திருக்கலாம். காற்றில் வந்திருக்கலாம். ஒன்றும் தெரியாமல் வாயைத் திறந்தால் அவள் பெயர் கெடும். ஊரில் பூச்சிமருந்தை முதலில் கைவிட்டவள் அவள்தான். மற்ற பெண்கள் அவளைப் பார்த்துக் கைவிட்டவர்கள்.

வாயைத் திறக்காவிட்டால்?

பிள்ளைகள் இறங்கி வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. கடைவாயால் எப்படிக் கடிப்பது என்று பக்கத்துப் பிள்ளைக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன சார், பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி முழிக்கிறீங்க? உங்களுக்கும் ஒரு தக்காளி உண்டு, பயப்படாதீங்க" என்றார் இயக்குநர். விருந்தினர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான்.

காமிராக்காரர் கையைத் தூக்கினார்.

தோட்டக்காரி குனிந்து ஒரு பழத்தைப் பறித்தாள். அதைக் கையில் உருட்டினாள். உருட்டிக்கொண்டே இருந்தாள்.

கடித்தாள்.

மென்றாள். விழுங்கினாள். மோவாயில் வழிந்த சாற்றைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். மீதியையும் வாயில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. மருந்து அடித்தவள் இப்படித் தின்பாளா? வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"ம், ஆரம்பிங்க" என்றார் இயக்குநர்.

பிள்ளைகள் செடிகளுக்குள் இறங்கினார்கள்.

தோட்டக்காரி அந்தக் கூட்டத்துக்குள் கையை விட்டு ஒரு சிறுமியைத் தன்பக்கம் இழுத்தாள். அவளுடைய மகள்.

"நீ இங்க வாடி. உனக்குக் காலைலேர்ந்து வயித்து வலிதானே?"

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா."

விருந்தினர்களுக்கு மறுபடியும் சிரிப்பு.

அவள் மகளிடம் பேசினாளே தவிர, மகளைப் பார்க்கவில்லை. தலைகளுக்கு மேலாக அவனைப் பார்த்தாள். கண்ணிமைக்காமல் பார்த்தாள்.

"யாரும் பறிக்காதீங்க."

தன் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அவனுக்கே தெரியாது.

"கைல இருக்கறதக் கீழ போடுங்க. எல்லாரும் போய்க் கையக் கழுவுங்க. போங்க."

தக்காளிகள் பொத்துப் பொத்தென்று மண்ணில் விழுந்தன. பல்லில்லாத பையன் மட்டும் வாய்க்கருகே கொண்டுபோனதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். அவன் ஓடிப்போய்ப் பையன் கையிலிருந்து அதைப் பிடுங்கி எறிந்தான்.

இயக்குநரின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. காமிரா நிற்கவில்லை.

தோட்டக்காரி மகளின் கையை விட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் குழாயடிக்குப் போனாள். மண்டியிட்டு உட்கார்ந்து, விரலைத் தொண்டைக்குள் விட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு, அவன் ஓடிவந்து அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தான். மூச்சு வாங்கி, பேச முடிந்ததும் அவள் கேட்டாள்:

"நீங்க என்கிட்ட கேட்டப்பவே நிறுத்திடுவீங்கன்னு நெனச்சேன். ஏன் தம்பி நிறுத்தல?"