காரணம் எழுதாத நோட்டு

பன்னிரண்டு நாளாக ஒரு தடவைகூட மக்கர் செய்யாத கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது.

அவன் விளையாடிக்கொண்டிருக்கவில்லை. வீட்டில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று போட்டுவிட்டிருந்தான். அவ்வளவுதான்.

பக்கத்து அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஓர் உறுமல். பிறகு தண்ணீரில் காற்று கொப்பளிப்பது.

அப்பாவின் ஆக்சிஜன் மெஷின்.

எழுந்து ஓடினான். அங்கே அப்பா இல்லை என்று அவனுக்குத் தெரியும். கால்களுக்குத் தெரிந்தால்தானே.

கட்டில் காலியாக இருந்தது. வாடகை மெஷினைத் திரும்ப எடுத்துப்போக வந்தவர் தரையில் குந்தியிருந்தார்.

"ஓடுதான்னு பாத்தேன் தம்பி. பாத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போகோணும்."

அவன் மெஷினின் ஒயரைப் பார்த்தான். அது போய்ச் சேர்ந்த பிளக்கைப் பார்த்தான். அதே சுவரின் மறுபக்கம்தான் அவனுடைய பிளக்; இரண்டுக்கும் ஒரே கரண்ட் லைன்.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்ணா. நான் சொன்னதும் மறுபடி போடுங்க."

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டான். திரை வந்தது.

"இப்பப் போடுங்ணா!"

மெஷின் உறுமியது. திரை கறுத்தது.

அடக் கடவுளே. இதுவா?

இதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மாதம் படாத பாடு பட்டிருந்தான். படிப்பு முடித்த கையோடு அப்பா வாங்கித் தந்த புத்தம்புது கேமிங் கம்ப்யூட்டர். விளையாட்டு சூடு பிடிக்கும் நேரமாகப் பார்த்து அணைந்து தொலையும். கிராபிக்ஸ் கார்டு சூடாகிறது என்றான் ஒருவன். ரேம் மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டு என்றான் இன்னொருவன். விண்டோஸை மூன்று தடவை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். கடைக்காரர் பவர் சப்ளையையே மாற்றித் தந்தார். கடையில் நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடும். வீட்டுக்கு வந்தால் மறுபடி அதே கூத்து.

அப்பாகூடக் கேலி செய்தார்.

"என்ர நெஞ்சு மாதிரியே உன்ர பெட்டியும் பாதியில நின்னுபோகுதா சாமி?"

அவன் சிரிக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

ஒவ்வொரு தடவை அணையும்போதும் நேரத்தை எழுதி வை, காரணம் தானாகப் பிடிபடும் என்று இணையத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். நோட்டுப் போட்டு எழுதினான். தேதி, நேரம், என்ன விளையாட்டு. கடைசிக் கட்டம், காரணம். அது மட்டும் மேலிருந்து கீழ்வரை காலி.

இப்போது அந்த நோட்டை எடுத்தான்.

அப்பா நூல் மில்லில் முப்பது வருடம் இருந்தவர். நெஞ்சில் பஞ்சு ஏறியது அங்கேதான். ஆள் இல்லாமல் மெஷின் ஓடக் கூடாது என்ற பழக்கமும் அங்கே வந்ததுதான். டாக்டர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கட்டிலை விட்டு எழுந்தால் மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு மெஷினை நிறுத்துவார். திரும்பி வந்து உட்கார்ந்தபிறகுதான் போடுவார்.

அவர் போட்டபோதெல்லாம் இது அணைந்திருக்கிறது.

காலை 8.05.

பேனாவை எடுத்துக் காரணம் எழுதினான். குளித்துவிட்டு வந்தார்.

11.00. கதவுக்கு வெளியே ஸ்டூலில் எனக்கு டீ வைத்துவிட்டு வந்தார்.

1.15. சாப்பிட்டு வந்தார்.

4.20.

இது என்ன? பக்கத்தைப் புரட்டினான். மறுநாள் 4.25. அதற்கு மறுநாளும் 4.20. தினமும் அந்த நேரத்துக்கு அப்பா எங்கே எழுந்து போனார்? வாசலுக்கா? யாரைப் பார்க்க?

தெரியவில்லை. பாவி, ஒரே வீட்டில்தானே இருந்தான்.

அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனான். பக்கம் பக்கமாக எழுதினான். அப்பா எழுந்தார், நடந்தார், வந்தார். கண்ணீர் விழுந்து மை கலங்கியது. சட்டையால் ஒற்றிவிட்டு எழுதினான்.

கடைசிப் பக்கம் வந்தது.

சனிக்கிழமை. அன்றைக்கு நேரம் எதுவும் குறிக்கவில்லை. கட்டங்களுக்குக் குறுக்கே பெரிய எழுத்தில் இருந்தது. 'இன்று ஒரு தடவைகூட இல்லை. சரியாயிருச்சு!!'

அன்று காலை ஸ்டூலில் டீ இல்லை. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

சாயங்காலம் அப்பாவின் அறை வாசலில் நின்று கத்தியது ஞாபகம் வந்தது.

"பெட்டி சரியாயிருச்சுங்ப்பா! காலைல இருந்து ஒருக்காகூட நிக்கல!"

மெஷின் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா படுத்தபடியே கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அவனும் சந்தோஷமாகத் திரும்பிப் போய் விளையாடினான். மறுநாள் ஆஸ்பத்திரியில் அப்பா போய்விட்டார்.

அந்த வரிக்கு நேரே காரணக் கட்டம் காலியாக இருந்தது. காரணம் இப்போது தெரியும். பேனாவை மூடினான்.

"எடுத்துட்டுப் போகட்டுங்களா தம்பி?"

மெஷின்காரர் வாசலில் நின்றிருந்தார்.

"இன்னும் ஒரே ஒருக்கா போடுங்ணா."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். அப்பாவின் அறைக்குத் திரும்பிப் போனார்.

அவன் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். கதவைச் சாத்தவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் உறுமியது. திரை அணைந்தது.

மணி பார்த்து நேரத்தைக் குறித்தான். காரணம் என்ற கட்டத்தில் நிதானமாக எழுதினான்.

அப்பா வந்து உட்கார்ந்தார்.