முதல் குக்கீ

இவளால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

எழுதியவள் ஜெனிட்டா. பக்கத்து நாற்காலிக்காரி. வேலையில் சேர்ந்த சூடு இன்னும் ஆறவில்லை. அதற்குள், இவள் வருஷக்கணக்காகக் கட்டிவைத்த கணினி நிரலை இடித்துப் புதிதாக எழுதிவிட்டாள்.

அழகாகத்தான் எழுதியிருந்தாள்.

அதுதான் பொறுக்கவில்லை.

காலையில் காபி மெஷினருகே மேலாளர் சொன்னார், எல்லோர் காதிலும் விழும்படி.

“பழசு சீமைக்கருவேலங்காடுங்க. உள்ள போனா வெளிய வர வழியே இருக்காது. இந்தப் புள்ள வந்து தோட்டமாக்கிருச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் இவள்தான். வேறென்ன செய்ய?

இப்போது சரிபார்க்கும் பொறுப்பு இவளிடம். பச்சைப் பொத்தானை அழுத்தினால் சாயங்காலம் வாடிக்கையாளர்களுக்குப் போய்விடும்.

இணையத்தில் போகிற, வருகிற ஒவ்வொரு செய்தியின் தலையிலும் சில வரிகள் இருக்கும். ஹெட்டர் என்பார்கள். அவற்றை ஒரு பெட்டியில் போட்டதுபோல் பிடித்துவைப்பதுதான் அந்த நிரலின் வேலை. ஜெனிட்டாவின் பெட்டி, ஒரே பெயரில் இன்னொரு வரி வந்தால் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை வைத்துக்கொண்டது.

மற்றவற்றுக்குச் சரி. குக்கீ என்கிற வரிகளுக்கு ஆகாது.

குக்கீகள் ஒரே பெயரில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலாவது, வந்தவர் யார் என்று சொல்லும். அடுத்தது, அவருக்குத் தமிழா ஆங்கிலமா என்று சொல்லும். அடுத்தது வந்ததும் முதலாவது தொலைந்துபோகும். உள்ளே நுழைந்தவர் மறு சொடுக்கில் வெளியே நிற்பார்.

ஒரு சொல்லை மாற்றினால் தீர்ந்தது.

மாற்றாமல் விட்டால் நாளைக் காலை வாடிக்கையாளர்கள் கத்துவார்கள். மேலாளரின் முகம் தொங்கும்.

தோட்டமாம், தோட்டம்.

‘நன்றாக வந்திருக்கிறது’ என்று எழுதிப் பச்சையை அழுத்தினாள்.

ஜெனிட்டாவின் நாற்காலி சரக்கென்று திரும்பியது.

“அதுக்குள்ள பாத்துட்டீங்களாக்கா? பயந்துட்டே இருந்தேன். அப்புறம்க்கா… எழுதினவங்கன்னு ஃபைல் மேல உங்க பேரு இருக்குல்ல, அத எடுத்துரச் சொன்னாரு சார். முடியாதுன்னுட்டேன். அக்கா பேருக்குக் கீழதான் எம் பேருன்னு சொல்லிட்டேன்.”

இவள் தலையாட்டினாள்.

ஜெனிட்டா இரண்டு பேருடைய கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு காபிக்குப் போனாள்.

ஒப்புதலைத் திரும்பப் பெறவும் ஒரு பொத்தான் உண்டு. இவள் இதுவரை தொட்டதில்லை.

தொட்டாள்.

கட்டாயம் நிரப்ப வேண்டும் என்ற சிவப்பு நட்சத்திரத்தோடு ஒரு வெள்ளைக் கட்டம் திறந்தது.

காரணம்?