இரண்டாவது வாளி

இரண்டாவது வாளியிலிருந்து எடுத்த வில்லையை அவள் விரலால் தடவினாள்.

சொரசொரவென்று இருந்தது. நகத்தில் வெள்ளையாக மாவு ஒட்டியது.

இன்னொரு முறை தடவினாள். சந்தேகமே இல்லை.

நீச்சல் குளத்தின் உள்சுவருக்குப் பூசும் வெள்ளைச் சிமெண்ட் கலவைதான். உள்ளங்கை அகலத்துக்கு வில்லை வில்லையாகப் பூசி எட்டு மாதமாக ஊறப் போட்டிருந்தாள்.

கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு வாளிகள். முதல் வாளியில் சுண்ணாம்புச் சத்து அளவாக உள்ள தண்ணீர். இரண்டாவதில் சுத்தமான ஆர்.ஓ. தண்ணீர். வாளிக்கு நான்கு வில்லைகள். இரண்டு, கிராம் பிசகாமல் எடைபோட்டு அவளே பூசியவை. மற்ற இரண்டும் கொத்தனார் மருதாசலம் பூசியவை.

மருதாசலத்தை அவள் சும்மா கூப்பிடவில்லை. மோசமான பூச்சுக்கு ஒரு மாதிரி வேண்டியிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு வெளியே ஒரு கிளப்பின் குளத்தை அவர்தான் பூசினார். ஆறே மாதத்தில் சுவரும் தரையும் அரித்து, குளிக்க வந்த பிள்ளைகளின் பாதம் கிழிந்தது. கட்டுமானத் துறைப் பேராசிரியை என்பதால், என்ன கோளாறு என்று பார்க்க கிளப்காரர்கள் அவளை அழைத்துப் போனார்கள். வற்றவைத்த குளத்தில் இறங்கினாள். சுவரைத் தடவினாள். கலவையில் தண்ணீர் அதிகம், பூசியவரின் கவனக்குறைவு என்று ஒரே பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அரை மணி நேர வேலை.

குளத்துக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் விடுகிறோம், கண்ணாடி மாதிரி இருக்கும் என்று கிளப்காரர்கள் பெருமையாகச் சொன்னார்கள். அவளும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் கோவையில் யாரும் மருதாசலத்தைக் குளத்து வேலைக்குக் கூப்பிடவில்லை. இப்போது காம்பவுண்டுச் சுவர் பூசுகிறார்.

அந்த அறிக்கையை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வில்லை பூச வந்திருப்பாரா? இப்படித்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் வாளியின் நான்கு வில்லைகளும் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருந்தன. அவருடையதும்தான்.

இரண்டாவது வாளியில் நான்கும் அரித்துப் போயிருந்தன. அவளுடையதும்தான். சொல்லப்போனால் அவளுடையதுதான் கொஞ்சம் அதிகம்.

தன்னிடம் இல்லாத சுண்ணாம்பைத் தண்ணீர் பூச்சிலிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது. அவ்வளவுதான். மனுஷன் ஒரு தப்பும் செய்யவில்லை.

வெட்கமாக இருந்தது. நிஜமாகவே முகம் சுட்டது.

முடிவைப் பார்க்க அவரை இன்று வரச் சொல்லியிருந்தாள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். மேஜையில் வரிசையாக இருந்த எட்டு வில்லைகளையும் புறங்கையால் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தார்.



ஆய்வுக் கட்டுரையில் கிளப்பின் பெயர் வரப்போவதில்லை. பழைய அறிக்கையை யார் தேடப் போகிறார்கள்? பேசாமல் இருந்துவிட்டால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது.

மருதாசலம் தன் டிபன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

உள்ளே ஒரு சில்லு. அந்தக் குளத்துப் பூச்சைக் கொத்தி எடுத்தபோது பொறுக்கியது. ஒன்றரை வருஷமாக வைத்திருக்கிறார்.

அதை இரண்டாவது வாளியின் வில்லைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதே சொரசொரப்பு. அதே சாம்பல் புள்ளிகள்.

பிறகு, பொட்டலம் கட்டியிருந்த காகிதத்தை மேஜையில் போட்டு நீவிவிட்டார். ஏதோ ஜெராக்ஸ். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. அடியில் இருந்த தன் கையெழுத்தை அவள் நின்ற இடத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டாள்.

அப்படியென்றால், வில்லை பூச வந்த அன்றைக்கே இவருக்கு எல்லாம் தெரியும்.

"தெரிஞ்சுதானுங்க வந்தேன்," என்றார் மருதாசலம். "என்ற கையால பூசிக் காட்டுனாத்தானுங்களே நம்புவீங்க."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் காகிதத்தை எடுத்தாள். சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டாள். திருப்பினாள்.

பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மேஜையில் எதையோ தேடினாள்.

மருதாசலம் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார்.