பக்கவாட்டு நேர்முகம்

அக்காவின் லேப்டாப் திரை காலையில் கறுத்துப்போய்விட்டது. கேமராவும் மைக்கும் மட்டும் உயிரோடு இருக்கின்றன. ஒயரைப் பக்கத்துச் சுவரின் டிவியில் செருகியிருக்கிறோம். அதில் வேலைக்கான நேர்முகத் தேர்வு நடக்கிறது. டிவி முழுக்க அதிகாரியம்மாவின் முகம். மூக்குக்கண்ணாடியே சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கிறது. அக்கா டிவியைப் பார்த்துப் பதில் சொல்கிறாள். கேமராவோ அவள் காதைத்தான் படம்பிடித்து அனுப்புகிறது. டிவிக்கு எதிரே அப்பா சட்டையின் மேல்பட்டனைப் போட்டுக்கொள்கிறார். அந்தம்மா தன்னைத்தான் பார்ப்பதாக அவருக்கு நினைப்பு. “அங்க யாரும்மா இருக்காங்க? பதில் சொல்லித் தராங்களா?” என்கிறார் அதிகாரி. “யாருமில்ல மேடம். அங்க நீங்கதான் இருக்கீங்க,” என்கிறாள் அக்கா. “நான் இங்க இருக்கேன்மா.” அப்பா டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார். “என்னை நேரா பாத்துப் பேசுங்க. இல்லன்னா இதோட முடிச்சுக்கலாம்,” என்கிறது டிவி.

அக்கா கறுத்த திரைக்குத் திரும்புகிறாள். ஜன்னல் வெளிச்சத்தில், தூசிக்கு நடுவே, அவள் முகமே அதில் மங்கலாகத் தெரிகிறது. அந்த முகத்திடமே தன் அனுபவத்தையெல்லாம் ஒப்பிக்கிறாள். நடுநடுவே அதை மேடம் என்றும் கூப்பிடுகிறாள். டிவியில் அதிகாரி மெல்லத் தலையாட்டுகிறார், பிறகு சிரிக்கிறார். அதை அக்காவிடம் சொல்ல வழியில்லை, திரும்பினால் போச்சு. பதிலுக்கு அப்பாதான் சிரித்துக்கொண்டிருக்கிறார்.