பதினான்காவது மெத்தை

மேலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் ஏறிப் படுத்தார். பக்கத்து மெத்தையில் அவள் ஏற்கெனவே கண்ணை மூடி மல்லாந்து படுத்திருந்தாள்.

வேறு வழியில்லை. தொழிற்சாலையில் தயாராகும் மெத்தைகளில் படுத்துப் பார்த்துக் குறை சொல்வது அவள் வேலை; ஒரு மெத்தைக்கு இருபது நிமிடம். நடுவில் எழுந்தால் சோதனை செல்லாது. இது பதினான்காவது, முடிந்ததும் வீட்டுக்குப் போகிற கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓட வேண்டும், பேசுவதானால் நீங்களும் படுத்துக்கொண்டே பேசுங்கள் சார் என்று சொல்லிவிட்டாள்.

கருவிக்குத் தப்பிய குறைகூட அவள் முதுகுக்குத் தப்பாது. இடது தோளுக்குக் கீழே மூன்றாவது சுருள் கம்பி சாய்ந்திருக்கிறது என்பாள். பிரித்துப் பார்த்தால் சாய்ந்துதான் இருக்கும். படுத்துக்கொண்டே சம்பளம் வாங்குகிறாளே என்று தையல் பிரிவில் அவளுக்குக் கும்பகர்ணி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒன்பது வருடத்தில் வேலை நேரத்தில் ஒரு தடவைகூட அவள் கண்ணயர்ந்ததில்லை, பாவம்.

அந்த வருடம் மட்டும் மேலாளருக்குக் கீழே இருந்த மூன்று கெட்டிக்காரர்கள் விலகிவிட்டார்கள். திறமைசாலிகளிடம் அவர்களுடைய எதிர்காலத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசுங்கள், இவளும் போனால் நீங்களும் வர வேண்டாம் என்று தலைமை அலுவலகம் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. அந்த ஒரு வாரமாக மனுஷனுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

மனப்பாடம் செய்துகொண்டு வந்த கேள்வியைக் கேட்டார். ஐந்து வருடம் கழித்து என்னவாக இருக்க ஆசைப்படுகிறாய்?

இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. கண்ணைத் திறக்காமலே மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். மெத்தைகளை வரைகிற அறையில் அவளுக்கு ஒரு மேசை வேண்டுமாம். முதுகு நோகிறவர்களுக்கென்று ஒரு மெத்தையை மனசுக்குள்ளேயே செய்து வைத்திருக்கிறாளாம்.

நல்ல யோசனையாக இருக்கிறதே என்று நினைத்தார். திரை போட்ட ஜன்னல், மங்கல் வெளிச்சம், குழந்தையைத் தூங்கவைப்பவளைப் போல் இறங்கி இறங்கி வந்த அவள் குரல். மெத்தை அவரை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டது.

அப்புறம் மெத்தை மிதந்தது.

ஜன்னல் வழியாக வெளியே போனது. கூரைகளுக்கு மேலே, துணி காயும் மாடிகளுக்கு மேலே, வெள்ளை வெள்ளையாக எத்தனையோ மெத்தைகள். அவளுடையது கொஞ்சம் முன்னால் போனது. இன்னும் கொஞ்சம் முன்னால். வானம் முழுக்கப் பால் நிறம். அவருக்கு அழுகை வந்தது. போகாதே என்று கத்தப் பார்த்தார். நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது.

கண்ணைத் திறந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்டிருக்கிறாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

தூங்கிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ஊர் சிரிக்காதா? நல்லவேளை, குறட்டை விடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எப்படியும் அந்த மேசையைத்தான் கேட்டிருப்பாள். கொடுத்துவிட்டால் போகிறது.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ சொல்றதுதாம்மா நியாயம். அப்படியே செய். நான் குறுக்கே நிக்க மாட்டேன்."

அவள் கண் கலங்கியது. சந்தோஷம் என்று நினைத்தார். ஒரு வாரத்துப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது. தன் முதுகில் தானே தட்டிக்கொடுக்கலாம் போலிருந்தது.

அவள் இறங்கி விரிப்பைச் சரிசெய்தாள். பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனவள் திரும்பி நின்றாள்.

"அந்தக் கம்பெனியில வர்ற திங்கட்கிழமையே சேரச் சொல்றாங்க சார். 'போகாதே'ன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா இங்கேயே இருந்துடறேன்னுதான் சொன்னேன். பரவாயில்ல."

மேலாளர் பதறி எழுந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்.

கொட்டாவிதான் வந்தது.