அம்பும் குரலும்

திரையில் அம்பு வலப்பக்கம் காட்டியது. காதுக்குள் ஒரு பெண் குரல் லெஃப்ட் என்றது. ரொட்டி வேன் ஓட்டுநர் கண் இமைக்காமல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினார்.

குரலைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அம்பு காட்டும் பக்கம் அழுத்த வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை.

பேக்கரி முதலாளிதான் அனுப்பியிருந்தார். ஒரு மாதமாக வேன் நாற்சந்திகளில் மரம் மாதிரி நின்றுவிடுகிறதாம். கடைகளுக்கு ரொட்டி நேரத்துக்குப் போவதில்லையாம். மூளையில் கோளாறு என்று வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். இந்த வயதில் இவருக்கு வேறு வேலை யார் தரப்போகிறார்கள்?

அம்பு ஒரு பக்கமும் குரல் மறுபக்கமும் இழுத்தால் யாருக்கும் மூளை ஒரு கணம் திணறும். இவர் ஒன்றில்கூடத் தவறவில்லை. பரிசோதித்த உளவியல் நிபுணர் நம்பாமல் கருவியின் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினார்.

"வீட்டுப் பழக்கம் மேடம்" என்றார் ஓட்டுநர்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வது மனைவிதான். வாய் லெஃப்ட் என்னும், கை வலப்பக்கம் நீளும். கை ஒரு நாளும் தப்பியதில்லை. கல்யாணமான புதிதில் வாயை நம்பிப் போய், இருவரும் ரொட்டியோடு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள். அன்றோடு வாயை நம்புவதை விட்டார். சண்டையும் பாதி குறைந்தது.

அடுத்தது சுலபமான பகுதி. அம்பும் லெஃப்ட், குரலும் லெஃப்ட். பச்சைக்குழந்தைகூட அழுத்திவிடும்.

ஓட்டுநரின் விரல் அந்தரத்தில் நின்றது.

அடுத்ததிலும் நின்றது. அதற்கடுத்ததிலும்.

ஏன் என்று கேட்டார் நிபுணர்.

"கையும் வாயும் ஒண்ணே சொன்னா, பக்கத்து சீட்ல அவ இல்லன்னு அர்த்தம் மேடம்."

அவர் மனைவி போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

மதிப்பெண் கஷ்டமான பகுதிக்கு மட்டும்தான். நிபுணர், கவனத்தில் குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை தப்பியது.

ஓட்டுநர் வேனை எடுத்தார். முதல் நாற்சந்தியில், முதலாளி வழிகாட்டப் புதிதாக மாட்டிக் கொடுத்திருந்த போன் லெஃப்ட் என்றது. அதன் அம்பும் லெஃப்டையே காட்டியது.

சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின.

மறுபடி சிவப்பு விழுந்தது.