யாரும் வாங்காத குரல்

பூங்கோதையின் குரலுக்கு மரணமே இல்லை என்று பொன்னாடை போர்த்தி முழங்கினார்கள். உண்மைதான். ஜப்பானிய அனிமே கார்ட்டூன் இளவரசிக்கு இருபது வருடம் தமிழ் டப்பிங் பேசிய அந்தக் குரலைக் கம்பெனி மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அவள் போனில் பேசினால், கம்பெனியின் குரலைத் திருடிப் பேசுகிறாள் என்று போனே சத்தத்தை அடைத்துவிடும்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து கணவர் சிகாமணி போனில் கூப்பிட்டார். அவளை உள்ளே விடவில்லை.

"கோதை, சத்தமே வரலியே. எம்மேல கோவமா?"

யாரும் விலைக்குக் கேட்காத ஒரு குரல் அவளிடம் மிச்சமிருந்தது, இளவரசியின் பூனைக்குப் பேசியது. அந்தக் கீச்சுக் குரலில் சொன்னாள்.

"கோவமெல்லாம் இல்லீங்க, மியாவ். வாசல்லயேதான் உக்காந்திருக்கேன், மியாவ்."

அவர் காதில் கடைசியாக விழுந்தது அதுதான். மியாவ் சேர்க்காவிட்டால் பேசுவது பூனைதான் என்று போன் நம்பாது.